பிரேக்குக்குள் காற்று

"எல்லாமே புதுசா மாத்திட்டேன் அம்மிணி. அப்புறமும் பெடல் ஏன் அடிவரைக்கும் போகுது?"

தமயந்தி தன் பட்டறையில் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தாள். வேலையை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். துணியில் கையைத் துடைத்தபடி, தூறலில் நின்ற நாச்சிமுத்துவையும் அவர் கட்டி இழுத்து வந்த ஜீப்பையும் பார்த்தாள்.

அந்த ஜீப்பை மலையில் எல்லோருக்கும் தெரியும்.

நாச்சிமுத்துவின் ஒரே மகள் வசந்தாமணி அதை ஓட்டிக்கொண்டு மலை இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. ஒரு வளைவில் பாறையில் மோதி அங்கேயே செத்துப்போனாள். முந்தின நாள் பிரேக்கைக் கழற்றிப் புதுச் சாமான் போட்டவன் அவள் புருஷன் பூபதி.

நாச்சிமுத்து தேயிலை ஃபாக்டரியில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி பல வருஷங்களுக்கு முன்பே போய்விட்டாள். மகளின் காரியம் முடிந்த கையோடு ஸ்டேஷனுக்குப் போய் மருமகன் மேல் புகார் கொடுத்தார். பிறகு அவனோடு பேசவில்லை. போலீசார் சோதனையெல்லாம் முடித்து ஜீப்பை அவரிடமே விட்டார்கள்.

தான் சரி செய்து தருவதாகத் தமயந்தி சொன்னாள். அவர் சம்மதிக்கவில்லை.

"சரி பண்ண வேண்டாம். எனக்குக் கத்துக் குடு. கேஸு வருது. அவன் என்ன தப்பு பண்ணுனான்னு நான் விளங்கிச் சொல்லோணும்."

தமயந்திக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டு, ஏறி உட்காரச் சொன்னாள்.

"மிதிங்க. கால் என்ன சொல்லுதுன்னு பாருங்க."

முதல் மிதிக்குப் பெடல் அடிவரை போயிற்று. விடாமல் நாலைந்து தடவை மிதித்தபோது கொஞ்சம் மேலே நின்றது. அழுத்திப் பிடித்தார். கீழே இறங்கவில்லை. ஆனால் ஈரப் பஞ்சை மிதிப்பதுபோல் இருந்தது.

தமயந்தி ஸ்பேனரைக் கையில் கொடுத்தாள்.

அவர் ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றினார். எங்காவது ஆயில் கசிகிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். எல்லாம் காய்ந்துதான் இருந்தது. பிரேக் கட்டைகள் டிரம்மை விட்டுத் தள்ளி நின்றன. அவற்றை நெருக்கி வைத்தார். பெடல் கொஞ்சம் மேலே வந்தது. பஞ்சு மட்டும் போகவில்லை.

"உள்ள காத்து நிக்குது," என்றார்.

தமயந்தி தலையாட்டினாள்.

காற்றை எப்படி வெளியேற்றுவது என்பதை வேனில் செய்து காட்டினாள். வேன் டிரைவர் மேலே உட்கார்ந்து மிதித்தார். அவள் சக்கரத்தின் பின்னால் உள்ள சின்ன ஸ்குரூவில் ஒரு குழாயை மாட்டி, அதன் மறு நுனியை ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விட்டாள். ஸ்குரூவைத் திறந்ததும் பாட்டிலில் குமிழ்கள் வந்தன. ஸ்குரூவை மூடிவிட்டுக் குரல் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் டிரைவர் காலை எடுத்தார். அவள் சொல்வதற்கு முன்னால் எடுத்தால், வெளியே போன காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும்.

நாச்சிமுத்து குனிந்து அந்தக் குமிழ்களையே பார்த்தார். கடுகளவுகூட இல்லை. இதுவா என் மகளைக் கொன்றது என்று நினைத்தார்.

"அன்னிக்கு அவன் இதை உள்ள விட்டுட்டான். அப்படித்தானே?"

தமயந்தி பாட்டிலை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இதுல வந்த காத்தக் காட்டுங்க."

பாட்டிலில் ஆயில் மட்டும்தான் இருந்தது.

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பாட்டிலை அவளிடமே கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது அவளாகவே இன்னொன்றும் சொன்னாள். திறந்து வைத்த பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீள இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறி, அந்த ஈரம் உள்ளேயே கொதித்து ஆவியாகும். அப்போதும் காற்று நின்றதுபோல்தான் பெடல் இறங்கிப் போகும். வண்டி ஆறியதும் ஆவியெல்லாம் திரும்பத் தண்ணீராகிவிடும். யார் வந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

"அப்ப அவன் சரியாத்தான் பண்ணுனான்னு சொல்றயா?"

"அப்படிச் சொல்லலீங்க."

"தப்பா பண்ணுனான்னு?"

"அப்படியும் சொல்லலீங்க."

நாச்சிமுத்து டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போனார். பல நாள் அந்தப் பக்கம் வரவில்லை. வீட்டில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். மகள் இறக்கத்தில் எப்படி ஓட்டுவாள் என்று நினைத்துப் பார்த்தார். அவளோடு ஒரு தடவைகூட அந்த ரோட்டில் இறங்கியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கேஸு நெருங்கியபோது திரும்பி வந்தார். ஜீப்பின் காற்றைத் தானே எடுத்துவிடுவதாகச் சொன்னார். மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்கத் தமயந்தியைக் கூப்பிட்டார்.

அவள் மாட்டேன் என்றாள்.

"உங்க ஆள் ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க."

"எனக்கு ஆள் ஏது?"

அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

நாச்சிமுத்து வெளியே போய் ஒரு கம்பு பொறுக்கி வந்தார். பெடலை அழுத்தி, கம்பின் ஒரு முனையை அதில் கொடுத்து, மறு முனையை சீட்டில் முட்டு வைத்தார். சக்கரத்தடிக்கு ஓடிப் போய் ஸ்குரூவைத் திறந்தார். பெடல் இறங்கியது. கம்பு நழுவி விழுந்தது. பெடல் மேலே எழும்பி, குழாயில் இருந்த ஆயிலோடு காற்றும் திரும்ப உள்ளே ஏறிப் போயிற்று.

மறுபடி முட்டு வைத்தார். மறுபடியும் விழுந்தது. மதியம் சாப்பிடப் போகவில்லை. முழங்கை வரை ஆயிலும் சேறும்.

தமயந்தி அவரைக் கடந்து போகும்போது கம்பை எடுத்துச் சுவரோரம் சாய்த்தாள்.

"கம்புக்குக் காது கேக்காதுங்க."

அவர் ஜீப்பின் படியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

பூபதி இருந்த வீட்டில் அடுப்பு எரிந்து நாளாகிவிட்டது என்பது வாசலிலேயே தெரிந்தது. மாமனாரைப் பார்த்ததும் அவன் வெளியே வந்து கை கட்டி நின்றான். கேஸு விஷயமாக வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டான். எதில் கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன் என்றான்.

பிரேக்கில் காற்று எடுக்க ஓர் ஆள் வேண்டும் என்றார் நாச்சிமுத்து.

அவன் உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் மழையில் முன்னும் பின்னுமாக நடந்தார்கள். 

பட்டறையில் நாச்சிமுத்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்சக்கரத்துக்குப் போனார். அவனை ஏறி உட்காரச் சொன்னார். பூபதி திறந்த கதவுக்குப் பக்கத்திலேயே நின்றான்.

"ஏறு."

"நான் அங்க உக்கார மாட்டேனுங்க மாமா."

"ஏன்?"

"அன்னிக்கு அவதான் உக்காந்து மிதிச்சா. நான் கீழ இருந்தேன்."

நாச்சிமுத்துவுக்கு இது தெரியாது. யாரும் சொன்னதில்லை. அவரும் யாரையும் கேட்டதில்லை. பட்டறையில் தமயந்தியின் சுத்தியல் சத்தம் நின்றது.

"இதை ஏன் போலீசுல சொல்லல?"

பூபதி தரையைப் பார்த்தபடி பேசினான்.

"சொன்னா, அவ காலைச் சீக்கிரமா எடுத்ததுதான் சாவுக்குக் காரணம்னு எழுதிப்போடுவாங்க."

 நாச்சிமுத்து வந்து, ஸ்பேனரை அவன் கையில் கொடுத்தார். கதவைப் பிடித்து மெல்ல ஏறி, மகள் உட்கார்ந்த சீட்டில் உட்கார்ந்தார்.

பூபதி பின்சக்கரத்தடியில் புகுந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் குரல் வந்தது.

"மிதிங்க மாமா."

மிதித்தார்.

"புடிச்சுக்கங்க."

ஸ்குரூ திறந்தது. அவர் காலுக்கு அடியில் பெடல் இறங்கியது. தாங்க ஒன்றுமே இல்லாததுபோல் இறங்கி, அடியில் போய் நின்றது. 

ஸ்குரூவை மூடிவிட்டதாகக் கீழிருந்து குரல் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. கூரைத் தகரத்தின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தார். வெளியே நீண்டிருந்த பூபதியின் கால்கள் மட்டும் தெரிந்தன. அவை நடுங்கிக்கொண்டிருந்தன.

தமயந்தி ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மிணி, காலை எடுத்துறட்டுமா?"

"என்னைக் கேக்காதீங்க. கீழ இருக்கறவரைக் கேளுங்க."

நாச்சிமுத்துவின் தொடை வலித்தது. முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை," என்றார். "அவசரமில்லீங்க. நான் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கறேன்."