விகடகவி வேலைக்கு ஒரு நேர்காணல்

மணவூர் அரண்மனையில் வேம்பையர் என்றொரு விகடகவி, மன்னரைச் சிரிக்க வைத்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். மந்திரி அம்பலத்தரசருக்கு அது கண்ணை உறுத்தியது. காரணம், வெளியூரிலிருந்து வந்து அவர் வீட்டில் டேரா போட்டிருந்த மைத்துனர் சுகந்தராயர். எந்த வேலையும் அவருக்குச் சரிப்படவில்லை. அதாவது, எந்த வேலைக்கும் அவர் சரிப்படவில்லை. தம்பிக்கு ஒரு வழி பண்ணச் சொல்லி மந்திரியின் மனைவி தினமும் நச்சரித்தாள்.

மந்திரி மன்னரின் காதில் மெல்ல ஓதினார்.

“மகாராஜா, தகுதி பார்த்துப் பதவி கொடுப்பதுதான் நல்லாட்சி. இனி எல்லாப் பதவிக்கும் நேர்காணல் வைப்போம். முதலில் விகடகவி பதவிக்கு!”

மன்னர் விஜயகேசரிக்குப் புதுமை என்றால் கொள்ளை ஆசை. “ஆகட்டும்! வெள்ளிக்கிழமை வையும். தேறியவருக்குப் பதவி. தோற்றவர் ஊரைவிட்டே போகட்டும்!” என்றுவிட்டார்.

கேள்விகளைத் தயாரித்தவர் மந்திரி. விடைகளைத் தயாரித்தவரும் அவரேதான். மைத்துனர் இரவு பகலாக உருப்போட்டார். கண்ணாடி முன் நின்று பணிவாகச் சிரிக்கவும் பழகினார். முன்பின் செய்யாத காரியம் என்பதால் தாடை வலித்தது.

வேம்பையரோ சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். மனைவி செண்பகம் எதிரே வந்து நின்றாள்.

“அங்க ஒருத்தரு தொண்டை கட்டுற அளவுக்குப் படிக்கிறாராம். நீங்க கால நீட்டிப் படுத்திருக்கீங்களே! வேலை போச்சுன்னா பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எங்கங்க போறது?”

“நானும் படிச்சுக்கிட்டுதான் இருக்கேன் செண்பகம். அவரு கேள்வியப் படிக்கிறாரு. நான் மகாராஜாவப் படிக்கிறேன்.”

“எங்க போயிப் படிச்சீங்க?”

“அரண்மனைச் சமையல்கட்டுல.”

செண்பகம் தலையில் அடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சபை கூடியது. மந்திரி கேட்டார்: “உமது பலம் என்ன?”

சுகந்தராயர் பிரமன் உலகைப் படைத்த நாளிலிருந்து ஆரம்பித்தார்.

“உமது குறை?”

“அளவுக்கு மீறி உழைப்பதே அடியேனின் குறை.” அந்தக் குறையை விளக்கி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது.

“நகைச்சுவை என்றால் என்ன?”

அதில் எத்தனை வகை உண்டோ அத்தனைக்கும் உதாரணம் சொன்னார். வாசல் காவலன் கொட்டாவி விட்டான்.

உச்சிவேளை தாண்டியது. மன்னருக்கோ பசி தாங்காது. பாதியில் எழுந்தால் நீதி தவறியவர் என்ற பெயர் வரும். உட்கார்ந்திருந்தால் மயக்கம் வரும். மைத்துனர் தண்ணீர் குடிக்கப் பேச்சை நிறுத்திய நேரத்தில் மன்னர் அவசரமாகக் கேட்டார்.

“வேம்பையரே, நீர் தயாரா?”

“தயார், மகாராஜா.”

“என்ன தயார் செய்திருக்கிறீர்?”

“நான் செய்யவில்லை, பிரபு. சமையல்காரர் செய்திருக்கிறார். கத்தரிக்காய் வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், கட்டித் தயிர். காலையிலேயே விசாரித்துவிட்டேன். இலை போடுவதுதான் பாக்கி.”

மன்னரின் மீசை துடித்தது. மந்திரி துள்ளி எழுந்தார்.

“இது என்ன விளையாட்டு? என் மைத்துனர் எத்தனை விடை கொடுத்தார்! நீர் ஒன்றாவது கொடுத்தீரா?”

“மைத்துனரா?” மன்னரின் புருவம் உயர்ந்தது. மந்திரி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வேம்பையர் கைகூப்பினார். “மந்திரியார் கேட்பது நியாயம்தான். ஆனால் நான் கொடுத்துப் பயனில்லை. மகாராஜா, சுகந்தராயர் காலையிலிருந்து நமக்கு இவ்வளவு விடை கொடுத்திருக்கிறார். பதிலுக்குத் தாங்கள் அவருக்கு ஒரே ஒரு விடை கொடுத்துவிட்டால் நாம் சாப்பிடப் போகலாம்!”

கிரீடம் நழுவ நழுவச் சிரித்தார் மன்னர். அந்த ஒரு விடையை அப்போதே கொடுத்து மைத்துனரை ஊருக்கு அனுப்பினார். தம் பக்கத்திலேயே வேம்பையருக்கும் இலை போடச் சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மந்திரியைப் பார்த்தார்.

“மந்திரியாரே, உம்முடைய நேர்காணல் நல்ல ஏற்பாடுதான். திங்கட்கிழமை மந்திரி பதவிக்கும் ஒன்று வைத்துவிடுவோம். நன்றாகத் தயார் செய்துகொண்டு வாரும். கேள்விகளை வேம்பையர் பார்த்துக்கொள்வார்.”