அரண்மனைக்கு எத்தனை வாசல்?

முன்னொரு காலத்தில், கண்ணுகளா, மழை பொய்த்துப்போன ஒரு நாட்டில் அரசருக்கு ஓர் ஆசை பிறந்தது. நாட்டுக் கிணறுகள் அத்தனையையும் ஒரே துணியில் படமாக வரைந்து பார்க்க வேண்டுமாம். மூன்று கணக்கர்கள் ஊர் ஊராகப் போய் வந்தார்கள். ஒருவர் தூர்ந்த கிணற்றையும் சேர்த்திருந்தார். மற்றவர் தண்ணீர் உள்ளதை மட்டும் எழுதியிருந்தார். மூன்றாமவர் தூரத்தைத் தம் காலடியால் அளந்திருந்தார். அவருக்கோ குட்டைக் கால். மூன்று கணக்கும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

"மூவரையும் யானைக் காலால் இடறச் செய்யுங்கள்!" என்றார் அரசர்.

அவையில் இருந்த விகடகவி சாத்தன் முன்னே வந்தான். அவன் வாய் சும்மா இருக்கவில்லை. "மன்னா, எதைக் கிணறு என்பது, எந்தக் கோலால் அளப்பது, என்னென்ன கேட்பது என்று முன்னதாகவே பேசி வைத்தல்லவா அனுப்பியிருக்க வேண்டும்?"

அவன்மேல் வெகுநாளாகப் புகைந்துகொண்டிருந்த அமைச்சர் சூடாமணியார் சிரித்தார். "எண்ணுவதற்குப் பாடமா? கண் இருந்தால் போதாதோ? இவன் மெய்ப்பிக்கட்டும், அரசே. தவறினால் யானைக்கு நாலாவது ஆள்."

"ஆகட்டும். பொழுது சாய்வதற்குள்!" என்றார் அரசர்.

முற்றத்துக்கு யானை வந்துவிட்டது. அதன் சங்கிலி உரசும் சத்தத்தின் நடுவே சாத்தன் சொன்னான். "இந்த... அரண்மனை வாசல்களை எண்ணுவோம். மன்னர், அமைச்சர், நான். அவரவர் கண்ணை நம்பி, தனித்தனியாக."

எண்ணி வந்தார்கள். அமைச்சர் முந்திக்கொண்டார். "நாற்பத்தொன்று!"

"காவலன் நிற்பதெல்லாம் வாசல். நாற்பதுதானே? அந்த ஒன்று எங்கே?" என்றார் அரசர்.

"தங்கள் கட்டிலுக்குப் பின்னால், திரை மறைவில்..." அமைச்சர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். ஆபத்தில் தப்பியோட அரசர் வைத்திருந்த கள்ள வாசல் அது. அது அரசர் ஒருவருக்கே தெரியும்.

அரசர் முகம் வெளுத்தது. "என் படுக்கையறையில் உமக்கென்ன வேலை?" கை வாளுக்குப் போயிற்று.  அவர் கண்கள் அப்படியே சாத்தன் பக்கம் திரும்பின. "நீ எத்தனை எண்ணினாய்?"

"ஒன்றுதான், மன்னா."

"ஒன்றா?"

"உயிரோடு வெளியே போகிற வாசல். அந்தச் சங்கிலிச் சத்தத்தில் வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. தங்களுக்குக் காவல் நின்றால் வாசல். அமைச்சருக்குத் திரைக்குப் பின்னால் இருந்தாலும் வாசல். எனக்குத் தப்ப முடிந்தால் வாசல். ஒரு கூரைக்குள்ளேயே மூன்று கணக்கு. நாடெல்லாம் நடந்த அந்த மூவர் என்ன செய்வார்கள், பாவம்!"

 அரசர் வாளிலிருந்து கையை எடுத்தார். கணக்கர்களின் கட்டு அவிழ்ந்தது. இனி எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே அளவுகோல் என்று முடிவாயிற்று. அந்தக் கோலைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ஊர் ஊராகப் போகும் வேலை, திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்த அமைச்சருக்கு.

"உனக்கு என்ன வேண்டும், சாத்தா? கேள்!"

"முதலில் அந்த யானைக்குச் சோறு போடச் சொல்லுங்கள், மன்னா. அது இன்னும் என்னையே பார்க்கிறது."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி, யானையை விட்டுக் கண்ணெடுக்காத சாத்தனுக்குத் தம் கையாலேயே போட்டுவிட்டார்.