திருப்பி அனுப்பிய கொழுந்து

கோத்தகிரிக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலை இருந்தது. சுற்றிலுமுள்ள சிறு விவசாயிகள் பறித்துக் கொடுக்கும் கொழுந்தை வைத்துத்தான் அது ஓடியது. வாசலில் நின்று கொழுந்தைப் பார்த்து வாங்குவது திலகவதியின் வேலை. அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. பூச்சிமருந்து அடித்த தோட்டத்தில் இரண்டு வாரம் கழியாமல் பறிக்கக் கூடாது. அதற்குள் பறித்தால் மருந்து இலையிலேயே தங்கிவிடும்.

அந்தக் கோடையில் செடிகளில் செஞ்சிலந்திப் பூச்சி விழுந்தது. ஒருநாள் காலை பெள்ளி என்ற விவசாயி மூட்டையை இறக்கிவிட்டுத் தயங்கி நின்றார்.

"அம்மணி, போன வாரந்தான் மருந்து அடிச்சேன். கொழுந்து முத்திப்போகுமேன்னு பறிச்சுட்டேன். மறைச்சுக் கொடுக்க மனசு வரல."

திலகவதி வாங்க மறுத்தாள். அவர் மூட்டையைத் தூக்கிப் போய், அவள் கண்ணெதிரிலேயே குப்பைக்குழியில் கொட்டினார்.

அடுத்து வந்தவர் ஹாலன், பெள்ளியின் பக்கத்துத் தோட்டக்காரர். மருந்தே அடிக்கவில்லை என்று சாதித்தார். மூட்டையிலிருந்து லேசாக மருந்து வாடை வருவது போல அவளுக்குப் பட்டது. பின்னால் வண்டிகள் வரிசைகட்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. வாங்கிக்கொண்டாள்.

அன்றைய கொழுந்து தூளானதும் மேலாளர் சுந்தரேசன் ருசி பார்த்தார். கரண்டியால் உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பிவிட்டு, நிறமும் திடமும் அருமை என்றார். மருந்து நாக்குக்குத் தெரிவதில்லை. ஆய்வகத்துக்குப் போன மாதிரியில் அது அளவுக்கு மேல் இருப்பது தெரிந்தது. வெளிநாட்டுக்குப் போகவிருந்த சரக்கு முழுதும் நின்றுபோனது. யார் மேல் நடவடிக்கை எடுத்தீர்கள் என்று வாங்க இருந்தவர்கள் கேட்டார்கள்.

திலகவதி நடந்ததை மறைக்காமல் மேலாளரிடம் சொன்னாள், ஹாலன் மேல் தனக்கிருந்த சந்தேகம் உட்பட. ஹாலனை வரவழைத்துக் கேட்டபோது பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார்.

"ஒத்துக்கிட்டது ஒருத்தர்தானே? பெள்ளி பேரையே கொடுத்துடலாம்" என்றார் சுந்தரேசன்.

"அவர் கொழுந்து உள்ளேயே வரலையே, சார்."

"அது நமக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாது."

இனி பெள்ளியிடம் கொழுந்து வாங்குவதில்லை என்று முடிவானது. அதை அவரிடம் சொல்லும் பொறுப்பும் திலகவதி தலையில் விழுந்தது. பெள்ளி சண்டை போடவில்லை.

"சொல்லாமலே இருந்திருக்கணும், அம்மணி" என்றார். பிறகு அந்தப் பக்கம் அவர் வரவில்லை.

அன்றிலிருந்து வாசலில் யாரைக் கேட்டாலும், மருந்து அடிக்கவில்லை என்பதே பதில்.

பொய் சொன்னவர் ஹாலன். சந்தேகம் வந்தும் உள்ளே விட்டவள் திலகவதி. தெரிந்தே பழியை மாற்றிப் போட்டவர் சுந்தரேசன். இம்மூவரில் பெரிய கேடு செய்தவர் யார்?

விடை: சுந்தரேசன். ஹாலனின் பொய்யும் திலகவதியின் அவசரமும் கெடுத்தது ஒரு சரக்கை. அதை ஆய்வகம் தடுத்துவிட்டது. ஆனால் எல்லா மூட்டைகளையும் ஆய்வகத்துக்கு அனுப்ப முடியாது. மற்றவற்றுக்கு விவசாயியின் வாய்ச்சொல்தான் காவல். உண்மை சொன்ன ஒரே ஆளைத் தண்டித்து, ஊர் முழுவதையும் பொய் சொல்லப் பழக்கியவர் அவர். திலகவதிக்கும் இது தெரியும். இன்றும் அதே வாசலில் நின்று, அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலை வாங்கிக்கொண்டு மூட்டைகளை உள்ளே விடுகிறாள்.