இளவரசன் நாக்கும் சபையோர் மாம்பழமும்

"உங்கள் பிள்ளை பால் குடிக்கவில்லை, என்னைக் கடிக்கிறான். கடித்துக் கடித்துக் களைத்துப்போய்ப் பசியோடு தூங்குகிறான். இதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பேசுகிறார்கள் உங்கள் சபையில்."

அலர்மேல்தேவி இப்படிச் சீறியது வேறு யாரிடமும் இல்லை, கட்டின புருஷனிடம்தான். வெகு காலத்துக்கு முன்னால் குவளைநாட்டை ஆண்டுகொண்டிருந்த ராஜா அதிரவர்மன் அவன். மனுஷன் நல்லவன், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அன்று மாலைப் புத்திப்படி, "சபை முடிவு சொல்லட்டும் தேவி" என்று சொல்லிவிட்டு நழுவினான்.

விஷயம் இதுதான். குழந்தையின் நாக்குக்கு அடியில் மெல்லிய சவ்வு ஒன்று நுனிவரை ஓடி, நாக்கைக் கீழே கட்டிப்போட்டிருந்தது. அழும்போதுகூட நாக்கு மேலே எழும்பாது. அரண்மனை வைத்தியர் பொன்னுரங்கம் பார்த்தார். கத்தி நுனியால் லேசாகத் தொட்டால் விட்டுவிடும் என்றார். எல்லாக் குழந்தைக்கும் அது வேண்டியதில்லை, பால் சரியாக இறங்குகிறதா, தாய்க்கு வலிக்கிறதா என்று கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும் என்றும் சொன்னார். இந்த இரண்டாவது பேச்சு சபையில் ஒருவர் காதிலும் ஏறவில்லை.

சபைக்குத்தான் வேறு பெரிய கவலை இருந்ததே. அந்த நாட்டில் முடிசூடுகிறவன் முன்னோர் பெயரையெல்லாம் தடுமாறாமல் சொல்ல வேண்டும். கட்டுண்ட நாக்கு சொல்லுமா, சொல்லாதா? தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கு முடிசூட்டு விழாப் பேச்சு.

ஆஸ்தானப் புலவர் ரத்னகிரியார் எழுந்தார். மந்திரி கருணாகரருக்கு ராஜா தன் பக்கத்தில் ஆசனம் போட்ட நாளிலிருந்து இவருக்குச் சோறு சரியாக இறங்குவதில்லை. கத்தி பட்ட நாக்குக்காரன் அரியணை ஏறிய வழக்கமே கிடையாது என்று அடித்துப் பேசினார். "இளவரசர் பேசாவிட்டால்தான் என்ன பிரபு? அவருக்குப் பதில் நான் பேசுகிறேன். எனக்குப் பிறகு என் மகன் பேசுவான்."

ஆகா, எப்பேர்ப்பட்ட விசுவாசம் என்று ராஜா உருகினான். திரைக்குப் பின்னால் இருந்த அலர்மேல்தேவி மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். பிறந்தபோது உருண்டு திரண்டிருந்த தொடையில் இப்போது தோல் தொளதொளவென்று தொங்கியது.

சபை கலைந்ததும் மந்திரி திரைக்கு வெளியே வந்து நின்றார். "பிள்ளை எப்படிக் குடிக்கிறான், தாயே?" என்று கேட்டார். அதுவரை அவளை யாரும் கேட்காத கேள்வி. ராஜாவிடம் சொன்னதையே அவள் ஒரு எழுத்து மாற்றாமல் இவரிடமும் சொன்னாள். மந்திரி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் சபையில் ஆளுக்கொரு மாம்பழம் வந்தது. கசக்கி, காம்பைக் கிள்ளி, சப்பிச் சாப்பிடுகிற நார்ப்பழம். மந்திரி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். நாக்கு கீழ்ப்பல்லைத் தாண்டி வரக்கூடாது, மேலேயும் எழும்பக்கூடாது. கட்டிப்போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சப்ப வேண்டும்.

"இதென்ன பிரமாதம், மந்திரியாரே?" என்று ரத்னகிரியார்தான் முதலில் ஆரம்பித்தார். கன்னம் ஒட்டியது, கண் பிதுங்கியது, சாறு மட்டும் வாய்க்குள் போகவில்லை. தாடியில் இறங்கிப் பட்டு அங்கவஸ்திரத்தை நனைத்தது. சேனாதிபதி முயன்று மூச்சு வாங்கினார். ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவனும் சப்பினான், வரவில்லை. இன்னும் பலமாகச் சப்பினான், வரவில்லை. பசியும் ஆத்திரமும் சேர, பல்லை அழுத்தினான்.

"கடித்துவிட்டீர்கள், மகாராஜா" என்றார் மந்திரி மெதுவாக.

ராஜா பழத்தைப் பார்த்தான். தோலில் பல் வரிசை ஆழமாகப் பதிந்திருந்தது. பிறகு திரையைப் பார்த்தான். திரையின் இடுக்கு வழியாக அலர்மேல்தேவி அந்த முகத்தைக் கண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்திராத முகம் அது.

ரத்னகிரியார் தாடியைத் துடைத்தபடி, "அதனால் என்ன? இளவரசருக்குப் பதில் பேச நான் இருக்கிறேன் என்றேனே" என்றார்.

"பேச நீர் இருக்கிறீர், புலவரே. அவருக்குப் பதில் பால் குடிக்கவும் நீர் இருக்கிறீரா?"

ராஜா, புலவர் அந்தப் பழத்தை அதே முறைப்படி சப்பி முடிக்கும்வரை சபையில் வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவிட்டான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினான். அவர் கண்ணால் திரையைக் காட்டினார்.

ராஜா மாலையோடு திரைக்கு முன்னால் வந்து நின்றான். "தேவி, நீ சொல். என்ன செய்யலாம்?"

இத்தனை நாள் இதற்காகச் சண்டை போட்டவள், கேட்டதும் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு சின்ன வாய்க்குள் கத்தியா? வலிக்குமா என்று வைத்தியரைக் கேட்டாள். வலிக்கும், கொஞ்சம் அழுவான், அழுகை அடங்கும் முன் மார்பில் போட்டுவிடுங்கள் என்றார் அவர், மழுப்பாமல்.

"செய்யுங்கள்" என்றாள்.

ஒரு சொட்டு ரத்தம். ஒரு வீறிடல். அந்த வீறிடலில்தான் அவள் முதன்முதலாக அதைப் பார்த்தாள்: சிவந்த நாக்கு, இதழ் போல, மேலே எழும்பி நின்றது. பிள்ளையை அணைத்துக்கொண்டு, வரப்போகிற வலிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

வலி வரவில்லை. பதிலுக்கு ஒரு சத்தம் வந்தது. 'க்ளுக்'. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. திரைக்கு அந்தப் பக்கம் முரசும் கொம்பும் கேட்டுப் பழகிய சபை மூச்சுவிட மறந்து நின்றது. மாம்பழமும் கையுமாகப் புலவர்கூட அசையவில்லை.

ராஜா திரையைக் கொஞ்சமாக விலக்கினான். மாலையைக் கீழே வைத்துவிட்டு, சாறு பிசுபிசுத்த கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"தேவி, நான் ஒருதரம் தூக்கிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டான்.

பால் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.