பட்டுவேட்டியும் நாலு டயரும்

கனடாவில், ஸ்காபரோவில், ஒரு வீட்டின் பேஸ்மென்டில் மூன்று பேர் குடியிருந்தார்கள். மூத்தவர் குலேந்திரன். யோசிப்பதற்கென்றே பிறந்தவர் இவர் என்று மற்ற இருவரும் நம்பினார்கள். அவரும் அதை மறுத்ததில்லை. அடுத்தவன் தேவசகாயம், அவர் யோசித்ததைச் செய்து முடிக்கிறவன். மூன்றாவது ஆள் இன்பராசா. அவனுக்குக் கல்யாணம் ஆக வேண்டியிருந்தது. இவர்களில் ஒருவரையும் நான் குறை சொல்லப் போவதில்லை. நல்ல பிள்ளைகள். மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், அவ்வளவுதான்.

கோடையில் இன்பராசா ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். மார்கழி பிறக்க ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் பெயர் சுகிர்தா. வடக்கே ஒரு சிறு பட்டணத்தில், மேட்டின் உச்சியில் அவர்கள் வீடு. அவளுடைய படத்தைப் பார்த்த நாளிலிருந்து இன்பராசா சோறு எது கறி எது என்று தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இந்தச் சம்பந்தமும் தட்டிப்போனால் ஊருக்கே திரும்பிப் போய்விடுவேன் என்று அழுதான். பாவம், அவன் உண்மையாகத்தான் அழுதான்.

பெண்ணின் தகப்பன் அம்பலவாணர் போனில் சொன்னார்: "தம்பி, சனிக்கிழமை காலமை நல்ல நேரம் முடியமுன்னம் வந்திடுங்கோ. வின்டர் டயர் இல்லாமல் மட்டும் வரவேண்டாம். இதுக்கு முன்னம் ரெண்டு மாப்பிளையள் வந்தவை. ரெண்டு பேரையும் திருப்பி அனுப்பிப்போட்டன். டயராலைதான்."

மூவரும் உடனே டயர்க் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் வில்வராசா பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவர். அன்று மத்தியானம் வரைக்கும் அந்தப் பெயர் அவருக்கு இருந்தது.

"உது பின்சக்கரம் தள்ளுற கார், தம்பிமார்," என்றார் அவர். "சினோவிலை, உந்தப் பனியிலை, பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். நாலு சக்கரத்துக்கும் வின்டர் டயர் வேணும். டிக்கியிலையும் கொஞ்சம் பாரம் வையுங்கோ."

குலேந்திரன் வரிசையாக நின்ற டயர்களைப் பார்த்தார். ஒன்றில் ஆழமான வெட்டுகள் நிறைய இருந்தன. அதைத் தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இது வேண்டாம். குளிர் இன்னும் ஒழுங்கா வரவேயில்லை, இதுக்கு இப்பவே பித்தவெடிப்பு."

"அது வெடிப்பில்லை அண்ணை! சினோவைப் பிடிக்கிறதுக்கு வெட்டி வைச்சிருக்கு!"

"அப்ப உதிலை ஏன் ஆணி அடிச்சுக் கிடக்கு?" என்று அடுத்ததைக் காட்டிக் கேட்டான் தேவசகாயம்.

"அது ஐஸைக் குத்திப் பிடிக்க."

மூவரும் தனியே போய் ஆலோசித்தார்கள். கோடையில் இன்பராசாவின் டயரில் ஆணி ஏறி, அதைப் பிடுங்க இதே கடைக்குத்தான் வந்தார்கள். பிடுங்குகிறதும் இவர், அடிக்கிறதும் இவர் என்றால் இந்த மனுசனை எப்படி நம்புவது? கடைசியில் வெட்டு டயரே குறைந்த ஆபத்து என்று முடிவாயிற்று. தேவசகாயம் கத்தரிக்காய் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றையும் விரலால் அமத்தி, நாலு நல்ல டயராகப் பொறுக்கி எடுத்தான்.

"நல்லது," என்றார் வில்வராசா. "றிம்மோடையே தாறன். பக்கத்திலை ஒரு அம்புக்குறி கிடக்கு, பாருங்கோ. அம்பு பாக்கிற பக்கம்தான் டயர் போகவேணும். மாறக் கூடாது. விளங்குதே? இப்பவே பூட்டி விடட்டே?"

"ஐயோ, வேண்டாம்!" என்று குலேந்திரன் பதறிப்போனார். "கலியாண வீட்டுக்குப் போறவன் பட்டுவேட்டியை வீட்டிலேயே கட்டிக்கொண்டு பஸ் ஏறுவானே? கொண்டு போய் வாசலிலைதானே மாத்துறது. புது டயரைப் பொம்பிளை வீட்டு வாசலிலை பூட்டுவம். போற வழிக்குப் பழசு போதும்."

வில்வராசா காசை வாங்கிக்கொண்டு நாலு டயரையும் வெளியே எடுத்து வைத்தார். பிறகு உள்ளே போய்க் கடையைப் பூட்டிவிட்டார்.

சனிக்கிழமை விடியச் சினோ கொட்டிக்கொண்டிருந்தது. புது டயர்களைப் போர்வையில் சுற்றி இரண்டை டிக்கியிலும் இரண்டைப் பின்சீட்டிலும் வைத்தார்கள். பின்சீட்டில் வேறு இடம் இல்லாதபடியால் தேவசகாயம் இரண்டு டயருக்கும் நடுவில் இறங்கி உட்கார்ந்தான். "பாத்தியளே, பாரமும் வைச்சாச்சு," என்றார் குலேந்திரன். ஒரே வேலையில் இரண்டு காரியம் முடிந்ததில் அவருக்கு நல்ல சந்தோசம்.

அவர்கள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். நேராகப் போனதைவிடப் பக்கவாட்டில் போனதுதான் அதிகம். மேட்டின் அடியில் வந்து நின்றபோது நல்ல நேரம் முடியச் சொற்ப நேரமே இருந்தது. உச்சியில் வீட்டு ஜன்னலில் ஆட்கள் எட்டிப் பார்ப்பது தெரிந்தது.

இன்பராசா ஆக்சிலேட்டரை அமத்தினான். கார் பாதி ஏறியது, யோசித்தது, வாலை ஆட்டிக்கொண்டு பின்னால் வழுக்கி வந்து, குவிந்து கிடந்த ஒரு பனிக்கும்பியில் மெதுவாக முட்டி நின்றது. மறுபடி ஏறினான். மறுபடி அதே கும்பி.

"அண்ணை, இஞ்சையே புது டயரை மாத்தினால் என்ன?" என்று இன்பராசா கெஞ்சினான்.

"விசரா! இஞ்சை மாத்தி, சேத்திலை உருட்டி, அழுக்கு டயரோடையே போய் நிக்கப் போறாய்?"

"அப்ப சுகிர்தா?"

குலேந்திரன் தாடையைத் தடவினார். "வின்டர் டயர் இல்லாமல் வரவேண்டாம் எண்டுதானே அவர் சொன்னவர். கார் இல்லாமல் வரவேண்டாம் எண்டு சொல்லேல்லை. தூக்குங்கோடா!"

குலேந்திரன் தலையில் ஒன்று, தேவசகாயம் தலையில் ஒன்று. இன்பராசாவுக்குக் காதல் இருந்தபடியால் தோளுக்கு ஒன்றாக இரண்டு. அம்புக்குறி மேட்டைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு ஏறினார்கள். வழுக்கி விழும்போதெல்லாம் மல்லாக்க விழுந்து, டயரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். நிலத்தில் பட விடவில்லை. வாசலுக்கு வந்தபோது மூவரும் தலையிலிருந்து கால் வரை வெள்ளையாக இருந்தார்கள். டயர்கள் மட்டும் கடையிலிருந்து வந்த மாதிரியே கறுப்பாக மினுங்கின.

அம்பலவாணர் வாசலுக்கு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு டயராகத் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு பொட்டு மண் இல்லை," என்றார் அவர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "முந்தி வந்த ரெண்டு பேரும் புது டயரைப் பூட்டிக்கொண்டு, ஒரே இழுவையிலை வாசல் வரைக்கும் வந்தவங்கள். அருமந்த டயரைச் சேத்திலை தேச்சவன் என்ரை பிள்ளையை எப்பிடி வைச்சிருப்பான்? வாருங்கோ தம்பி, உள்ளுக்கு வாருங்கோ!"

அவர் தன் கராஜைத் திறந்து காட்டினார். உள்ளே நாலு வின்டர் டயர்கள் பிளாஸ்டிக் பையோடு அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் சந்தனப் பொட்டு இருந்தது.

"உங்கட கார் எங்கை மாமா?" என்று கேட்டான் இன்பராசா.

"கீழைதான் நிக்குது, பனிக்குள்ளை. நீங்கள் வந்து முட்டின கும்பி அதுதான். சித்திரை பிறக்கத் தானா வெளியாலை வரும்."

தேத்தண்ணியும் பயற்றம் பணியாரமும் வந்தன. நல்ல நேரம் முடியுமுன் சம்பந்தம் நிச்சயமாயிற்று. இன்பராசாவுக்குப் பணியாரம் எது தேத்தண்ணி எது என்று தெரியவில்லை. சுகிர்தா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புறப்படும்போது ஒரு சிக்கல் வந்தது. அம்பு பார்க்கிற பக்கம்தான் டயர் போகவேண்டும். அம்போ மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. குலேந்திரன் கொஞ்சம் யோசித்தார். "மேடு ஏறவெண்டு வாங்கின டயர். அது மேட்டைத்தான் பாக்கும். நாங்கள்தான் பின்னாலை நடக்கவேணும்." மரியாதைக்கு அம்பலவாணரும் ஒரு டயரை வாங்கிக்கொள்ள, நாலு பேரும் தலையில் டயரோடு, மேட்டைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே இறங்கிப் போனார்கள்.

கீழே போர்வையை விரித்து டயர்களை வைத்தபோது, "நில்லுங்கோ!" என்று மேலிருந்து ஒரு குரல் வந்தது. சுகிர்தா கை நிறையக் கம்பளித் துணிகளோடு ஓடி வந்தாள். காரின் பழைய டயர்களைப் பார்த்து அவள் கண் நிறைந்துவிட்டது.

"பாவங்கள். கோடை டயரெல்லோ, வெறுங்காலோடை குளிருக்குள்ளை நிக்குதுகள்!"

அவள் நாலு சக்கரத்துக்கும் பழைய ஸ்வெட்டர்களைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். இன்பராசா அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கார் சூடாகட்டும் என்று ஏறி ஸ்டார்ட் பண்ணினான். நிச்சயமான பெண்தானே என்று சுகிர்தாவும் பக்கத்தில் ஏறினாள். அந்த மயக்கத்தில் அவன் காலை எதில் வைத்தானோ, கம்பளி பனியைக் கவ்விப் பிடிக்க, கார் கொஞ்சமும் வழுக்காமல், ஆடாமல், நேரே மேடேறி வாசலில் போய் நின்றது.

"பாத்தியளே," என்றார் குலேந்திரன். "குளிர் விட்டவுடனை ஏறிட்டுது."

இப்போது கார் மேலே, டயர் கீழே. குலேந்திரன், தேவசகாயம், அம்பலவாணர் மூவரும் போர்வையைச் சுற்றி நின்று நெடுநேரம் ஆலோசித்தார்கள்.

"இப்ப ஆர் ஆரிட்டைப் போறது?" என்றான் தேவசகாயம்.

"முறை எண்டு ஒண்டு இருக்கெல்லோ," என்றார் அம்பலவாணர். "மாப்பிளை வீட்டுச் சாமான்தான் பொம்பிளை வீட்டுக்கு வரவேணும். தூக்குங்கோ."

தேவசகாயத்துக்கு இந்த முறை இரண்டு. அம்பு மேட்டைப் பார்க்க, மூவரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார்கள். பாதி வழியில் மேலிருந்து கார் ஹோர்ன் அடித்தது. சிவப்புக் கார் ஸ்வெட்டர் போட்ட சக்கரங்களோடு பக்குவமாக அவர்களைக் கடந்து கீழே இறங்கியது. கண்ணாடியை இறக்கி, சுகிர்தா அன்போடு கை காட்டினாள்.

"அப்பா, நீங்கள் சுமந்து கஷ்டப்படவேண்டாம்! டயரை ஏத்த நாங்களே கீழை போறம்!"