பாதி கடித்த நெல்லி

அந்தக் காலத்தில் கரடிக்கும் குருவிக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சுதான். சண்டையானாலும் சமாதானமானாலும் வாயால் பேசித்தான் தீர்த்துக்கொண்டார்கள். அப்போது மலையடிவாரத்தில் ஊற்றுப்பள்ளம் என்று ஓர் ஊர் இருந்தது. அங்கே அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். அண்ணன் பெயர் சடையன், அவன் பெண்டாட்டி மாராயி. தம்பி பெயர் மூக்கன், அவன் பெண்டாட்டி செம்பாயி.

மாராயி வாழ வந்து எத்தனையோ கதிரறுப்பு முடிந்தும் அவள் வயிற்றில் ஒரு புழு பூச்சி தங்கவில்லை. செம்பாயிக்கு ஒருமுறை தங்கியது. ஆனால் அவளுக்கு வந்த மசக்கை மற்றவர்களுக்கு வருகிற மசக்கை இல்லை. கஞ்சி வைத்தால் கஞ்சி வெளியே வந்தது, களி வைத்தால் களி வெளியே வந்தது. குச்சியாக இளைத்துப்போனாள். பிள்ளையும் பாதியிலேயே போய்விட்டது. அப்போது அவளைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்தவள் மாராயிதான். அதைப் பற்றி இருவரும் பிறகு பேசிக்கொண்டதில்லை.

அடுத்த கார்த்திகையில் செம்பாயி மறுபடியும் உண்டானாள். முந்தி வந்த அதே குமட்டல் மறுபடியும் வந்தது. சேதி கேட்டு அவள் தாய் பொங்காயி பக்கத்து ஊரிலிருந்து மூட்டையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். தினம் ஒரு பண்டமாகச் செய்து பார்த்தாள். எதுவும் மகளின் தொண்டையைத் தாண்டி நிற்கவில்லை. கடைசியில் மாராயி கொல்லையில் கிடந்த ஒரு நெல்லிக்காயைக் கழுவிக் கொடுத்தாள். அது நின்றது. நெல்லி தின்று தண்ணீர் குடித்தால், பின்னாலேயே இரண்டு வாய்க் கஞ்சியும் நின்றது.

எல்லோருக்கும் உயிர் வந்தது. ஆனால் மாராயி மட்டும் கொல்லை நெல்லிமரத்தை அண்ணாந்து பார்த்தாள். தை கழிந்தால் நெல்லி ஓய்ந்துவிடும். பிள்ளை பிறக்க ஆடி ஆகும். நடுவில் இருக்கிற மாதங்களுக்கு என்ன செய்வது?

ஊரில் யாருக்கும் பழத்தைக் கெடாமல் வைக்கத் தெரியாது. அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதைத் தின்பார்கள், மிஞ்சியதைப் பன்றிக்குப் போடுவார்கள். அதனால் மாராயி மலையேறிப் போய், பாறைக்குகையில் குடியிருந்த பெண்கரடியிடம் கேட்டாள். குகையை விட்டு நகராமல் குட்டியை வளர்க்கிறவளாயிற்றே, தின்பதைச் சேர்த்துவைக்கும் வழி கரடிக்குத் தெரிந்திருக்கும் என்பது மாராயியின் கணக்கு.

கரடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. தேனுக்குள் விழுந்தது எதுவும் கெடாது என்றது. போன வருஷம் தன் தேனடைக்குள் விழுந்த வண்டு இன்னும் இறக்கை மினுங்க அப்படியே கிடப்பதாகச் சொன்னது. தேன் தருகிறேன், ஆனால் பதிலுக்கு ஒன்று வேண்டும் என்றது. பங்குனியில் இலுப்பைப் பூ கொட்டும்போது ஊர்க்காரர்கள் விடியுமுன் வந்து கூடைகூடையாக வாரிப்போய்விடுகிறார்கள். மலைப்பக்கம் நிற்கிற மரங்களை மட்டும் தனக்கு விட்டுவிட வேண்டும். மாராயி சரி என்றாள். வீட்டுக்கு வந்து சடையனிடம் சொன்னபோது அவன் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு, பிள்ளைக்காகத்தானே என்று ஒத்துக்கொண்டு, ஊர்க்காரர்களிடமும் சொல்லிவைத்தான்.

தேன் வந்தது. மாராயி நெல்லியைக் கழுவித் துடைத்து அப்படியே தேனில் போட்டாள். போட்டதெல்லாம் மேலே மிதந்தது. தோல் சுருங்கியதே தவிர உள்ளே துவர்ப்பு அப்படியே இருந்தது, சில காய்கள் நுரைத்துப் புளித்தும் போயின. ஒரே ஒரு காய் மட்டும் அடிவரை இறங்கி, கொட்டை வரைக்கும் தேன்நிறமாகக் கிடந்தது. அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மரத்தடியில் இருந்த இலந்தைப் புதரில் விழுந்த காய் அது, உடம்பெல்லாம் முள் குத்தியிருந்தது. தேன் நுழைவதற்கு வாசல் வேண்டும் என்று அவளுக்கு அப்போது விளங்கியது.

பிறகு அவள் மரத்தில் மிச்சமிருந்ததையெல்லாம் உலுக்கினாள். ஒவ்வொரு காயையும் இலந்தை முள்ளால் சுற்றிலும் குத்தி, துவர்ப்பு இறங்க உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாள். மறுநாள் எடுத்துக் கொதிநீரில் ஒரு புரட்டுப் புரட்டி, ஈரம் போக உலர்த்தி, சாடியில் தேன் ஊற்றி மூடினாள். வெயில் ஏறும்போது சாடியை முற்றத்தில் வைப்பாள், இறங்கும்போது உள்ளே எடுத்து வைப்பாள். காய்கள் ஒவ்வொன்றாக அடியில் இறங்கின. தைக்குப் பிறகு மரம் மொட்டையாக நின்றபோது செம்பாயி தேன்நெல்லி தின்றாள். மாசி முழுவதும் அது அவளைத் தாங்கியது.

பங்குனியில் தேனும் அவளுக்குத் திகட்ட ஆரம்பித்தது. முதலில் பாதியை மிச்சம் வைத்தாள். பிறகு சாடியைத் திறந்த வாசத்துக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒருநாள் வாயில் போட்ட நெல்லியோடு காலையில் குடித்த கஞ்சியும் சேர்ந்து வெளியே வந்தது. அவள் சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இதுவும் போகப்போகிறது அக்கா" என்றாள். மாராயி அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, சாடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். எங்கே போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. ஓடைக்கரை வந்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

ஓடைக்கரையில் ஒரு செடி நின்றது. விரல்நகம் அளவில் சிவப்புச் சிவப்பாக, வானத்தைப் பார்த்து நிமிர்ந்த காய்கள். தீக்காய் என்று ஊரில் அதற்குப் பெயர். எந்தக் காலத்திலோ ஒரு குழந்தை அதைக் கடித்து உதடு வீங்கி அழுததாம், அதிலிருந்து அது நஞ்சு என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆடுகூட அதில் வாய் வைக்காது. ஆனால் அன்றைக்கு ஒரு கொண்டைக்குருவி அந்தச் செடியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பறித்து விழுங்கிக்கொண்டிருந்தது.

மாராயி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சாகப்போகிறாயா என்று கேட்டாள்.

"தினம் தின்கிறேன், சாகவில்லையே" என்றது குருவி. அது அத்திப்பழம் தின்று வந்திருந்தது. பழமாகத் தின்றால் வயிறு மந்தமாகிவிடும் என்றும், இதில் இரண்டு விழுங்கினால் மறுபடியும் பசிக்கும் என்றும் சொன்னது.

"உறைக்காதா?"

"எனக்கு உறைக்காது. உனக்கு எப்படியென்று எனக்குத் தெரியாது மாராயி. தெரியாததைத் தெரியும் என்று நான் சொல்லமாட்டேன்."

குருவி பறந்துபோன பிறகும் மாராயி அங்கேயே இருந்தாள். பிள்ளைத்தாய்ச்சிக்குத் தீக்காயைக் கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளையில்லாதவள் பொறாமையில் ஓரகத்தி வயிற்றைக் கருக்கிவிட்டாள் என்பார்கள். கொடுக்காமல் விட்டால் யாரும் ஒரு சொல் சொல்லமாட்டார்கள், பிள்ளை போனாலும் அது விதி என்று விட்டுவிடுவார்கள். இந்த இரண்டையும் அவள் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு காயைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள்.

நாக்கில் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. காதுக்குள் ஏதோ இரைந்தது. ஓடைக்குள் முகத்தை வைத்துக் குடித்தும் அடங்கவில்லை. செத்தோம் என்று நினைத்து மணலில் படுத்துக்கொண்டாள். சாடிக்குள் கைவிட்டு ஒரு நெல்லியை எடுத்துக் கடித்தாள், அந்த இனிப்பு பட்டதும் எரிச்சல் மெல்லத் தணிந்தது. வாயில் ஒரு புது ருசி நின்றது. சாவு வரவில்லை. பசிதான் வந்தது. வீட்டுக்குப் போய் ஒரு சட்டிக் கஞ்சியை நின்றபடியே குடித்துத் தீர்த்தாள். அன்றிரவு நன்றாகத் தூங்கவும் செய்தாள்.

மறுநாள் விடிந்ததும், செடியிலேயே வற்றிப்போன தீக்காயாகப் பார்த்து ஒரு மடி பறித்து வந்து, முற்றத்துப் பாறையில் நெல்லியோடு சேர்த்துக் காயப்போட்டாள். தேனிலிருந்து எடுத்த நெல்லி வெயிலில் ஈரம் வற்றி, மேலே பிசுக்கு மட்டும் நின்றது. காய்ந்த தீக்காயை உப்போடு சேர்த்து அம்மியில் வைத்துப் பொடியாக நுணுக்கினாள். கொண்டைக்குருவி வேடிக்கை பார்க்க வந்து, இடம் பார்க்காமல் அம்மியின்மேலேயே உட்கார்ந்துவிட்டது. எழுந்தபோது வாலுக்கு அடியில் சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஓடையில் எவ்வளவு முக்கியும் அது போகவில்லை, அதன் பிள்ளை குட்டிகளுக்கும் போகவில்லை. அது குருவியின் கதை, இருக்கட்டும்.

அந்த நேரம் பொங்காயி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். அம்மியில் இருப்பது என்னவென்று பார்த்தாள். அந்தப் பொடியில் உருட்ட நெல்லி பக்கத்தில் தயாராக இருப்பதையும் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தெருவுக்குப் போய், தன் மகளுக்கு இந்த வீட்டில் நஞ்சு அரைக்கிறார்கள், வந்து பாருங்கள் என்று நாலு வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினாள். ஆட்கள் வந்துவிட்டார்கள். காட்டிலிருந்து அண்ணனும் தம்பியும் வந்தார்கள். மூக்கன் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சடையன் அவள் பக்கத்தில் வந்து, "கொட்டிவிடு. பேச்சு வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னான்.

மாராயி கொட்டவில்லை. நேற்றுத் தான் தின்றதையும், கஞ்சி குடித்ததையும் சொன்னாள். யார் பார்த்தார்கள் என்றாள் பொங்காயி. கேட்டுக்கொண்டே கிட்டே வந்து நின்றாள்.

"உனக்குப் பிள்ளை இருந்தால் இதைக் கொடுப்பாயா?"

"தெரியாது சின்னம்மா" என்றாள் மாராயி. "எனக்கு இல்லை. இவளுக்கு இருக்க வேண்டும்."

சொல்லிவிட்டு ஒரு நெல்லியை எடுத்துப் பொடியில் நாலு பக்கமும் உருட்டினாள். எல்லோரும் பார்க்கப் பாதியைக் கடித்து மென்றாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிந்தது. துடைக்காமல் மென்று விழுங்கினாள். மீதிப் பாதி கையில் இருந்தது. அதை யாரிடமும் நீட்டவில்லை, கீழேயும் வைக்கவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே படுத்திருந்த செம்பாயி இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எழுந்து சுவரைப் பிடித்துப் பிடித்து முற்றத்துக்கு வந்தாள். தாய் குறுக்கே வந்தபோது அவள் கையை விலக்கினாள்.

"அக்கா, மீதியைக் கொடு."

எச்சிலடி என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். செம்பாயி அதைக் காதில் வாங்காமல், அக்காள் கையிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். முகம் சிவந்தது. இருமினாள். பொங்காயி ஓடிவந்து முதுகைத் தடவினாள். செம்பாயி மென்று முடித்து, கொட்டையைத் துப்பிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். வாந்தி வரவில்லை. நிழல் கொஞ்சம் நகர்ந்தது, அப்போதும் வரவில்லை. தலையைத் தூக்கி, "கஞ்சி இருக்கிறதா?" என்று கேட்டாள்.

கஞ்சி குடித்தாள். அதுவும் நின்றது. கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்து போனது. பொங்காயி மட்டும் அன்று பொழுதுக்கும் மகள் பக்கத்தில் இருந்து, மகளையும் மாராயியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிப்பு என்று ஒரு சொல்லும் அவள் வாயிலிருந்து வரவில்லை. ஆனால் மறுநாள் காலையில் மாராயி எழுந்து வந்தபோது, பொங்காயி ஓடைக்கரைக்குப் போய்த் தீக்காய் பறித்து வந்து, முறத்தில் கொட்டிக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். பழக்கமில்லாத விரல்கள் எரிந்து சிவந்திருந்தன. மாராயி கொஞ்சம் மோர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். பொங்காயி அதில் விரலை நனைத்துக்கொண்டு மறுபடியும் கிள்ளினாள்.

பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி என்று அந்தச் சாடிதான் செம்பாயியைக் கொண்டுபோய்க் கரை சேர்த்தது. தினம் காலையில் மாராயி ஒரு நெல்லியைப் பாதி கடிப்பாள், மீதியைக் கொடுப்பாள். பயம் போன பிறகும் செம்பாயி முழுக்காயை வாங்கவில்லை. பாதியைத்தான் கேட்டாள்.

ஆடியில் பெண் குழந்தை பிறந்தது. தெருக்கோடி வரை கேட்கிற குரல். ஊர்ப் பெண்கள் பார்க்க வந்தபோது, தீக்காய் தின்ற பிள்ளை வேறு எப்படி அழும் என்று பொங்காயியே சொல்லிச் சிரித்தாள். குழந்தையைக் கழுவித் துணியில் சுற்றியதும் யார் மடியில் முதலில் வைப்பது என்று பார்த்தார்கள். பிள்ளை பெற்றவளின் தாய்க்குத்தான் அந்த உரிமை. பொங்காயி கையை நீட்டி வாங்கினாள், வாங்கி மாராயியின் மடியில் வைத்தாள்.

அடுத்த கார்த்திகையில் ஊரில் வேறொருத்தி உண்டானாள். நெல்லியும் தேனும் எடுத்துக்கொண்டு, எப்படிப் போடுவது என்று கேட்டு மாராயி வீட்டுக்கு வந்தார்கள். முள்ளால் குத்துவது, உப்பில் ஊறவைப்பது, தேனில் இறக்குவது, வெயிலில் காயவைத்துப் பொடியில் உருட்டுவது எல்லாவற்றையும் அவள் சொல்லிக்கொடுத்தாள். தேன் கிடைக்காதவர்கள் பிறகு வெல்லப்பாகில் போட்டார்கள். தீக்காய்க்கும் நஞ்சு என்ற பேர் போய், ஊசிமிளகாய் என்று பேர் வந்தது.

அன்று தொட்டுத்தான் அந்த மலையடிவாரத்தில், பிள்ளைத்தாய்ச்சிக்குக் காரநெல்லி கொண்டுபோகிற பெண், சாடியைத் திறந்ததும் முதல் காயைத் தானே பாதி கடித்துவிட்டு மீதியை அவள் கையில் கொடுக்கிறாள். அந்த ஒரு காயை மட்டும் இன்றைக்கும் யாரும் எச்சில் என்று சொல்வதில்லை.