திரைக்குப் பின்னே ராஜநடனம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கொன்றைநாட்டைக் கோதண்டவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். மழை தவறினால்கூட அவருக்குக் கவலை இல்லை. தன் ஆட்டத்தைப் புகழ யாராவது தவறினால்தான் கோபம் வரும். ஆமாம், ராஜா ஆடுவார். தண்ணீர்க்குடத்தோடு வழுக்கி விழப் போகிறவர் மாதிரி இருக்கும். சபையோ, "அற்புதம்! அற்புதம்!" என்று உருகும். முதலில் உருகுகிறவர் சபாரஞ்சிதர். வயிறு முட்டச் சாப்பிடுவதும் வாய் வலிக்கப் புகழ்வதும்தான் அவருக்கு உத்தியோகம்.

ஒருநாள் காத்தாயி என்கிற கூத்துக்காரி தன் குழுவோடு வந்து ஆடினாள். சபை கொட்டாவியை மறந்து பார்த்தது. ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. தானும் நாலு சுற்று சுற்றிவிட்டு, "எப்படி?" என்றார்.

"தாளம் ஒரு பக்கம் போகுது, கால் ஒரு பக்கம் போகுது ராஜா" என்றாள் காத்தாயி.

சபாரஞ்சிதர் துள்ளி எழுந்தார். "என்ன திமிர்! சபையே கைதட்டுது, உனக்கு மட்டும் கண் அவிஞ்சுபோச்சா?"

"நடை பழகுற பிள்ளை விழுந்தாக்கூடக் கைதட்டுவோம் ஐயா. மீசை வச்சவருக்குமா தட்டுறது?"

ராஜாவின் முகம் சிவந்தது. "பொழுது சாய்வதற்குள் இந்தக் கூட்டம் எல்லையைத் தாண்டணும். மத்தளம், சலங்கை எல்லாம் இங்கேயே இருக்கட்டும்!"

மத்தளமும் சலங்கையும் போனால் அவர்களுக்குச் சோறு ஏது? காத்தாயி குனிந்து சலங்கையைக் கழற்றி வைத்தாள்.

மந்திரி ஆதிமூலம் ராஜாவின் காதருகே குனிந்தார். "பொழுது சாய இன்னும் நேரம் இருக்கு அரசே. அதற்குள் யார் சொன்னது நிஜம் என்று பார்த்துவிடலாம். திரைக்குப் பின்னால் நீங்கள் ஆடப்போவதாகச் சபையில் சொல்கிறேன். நீங்கள் மேல்மாடத்தில் மறைந்து உட்கார்ந்து கேளுங்கள்."

விளையாட்டு என்றதும் ராஜா சம்மதித்துவிட்டார்.

பட்டுத்திரை தொங்கியது. பின்னால் ஜல் ஜல் என்று சலங்கைச் சத்தம்.

"அடடா, என்ன லயம்!"

"தேவலோகத்திலும் கிடையாது!" என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

'தொப்' என்று ஒரு சத்தம்.

"ஆகா, அந்த ஓர் அடி போதும்! பூமியே சிலிர்த்துவிட்டது!" என்றார் சபாரஞ்சிதர்.

அடுத்து, "ம்ம்மா…"

"பாட்டும் சேர்ந்து வருகிறதே! என்ன குரல்வளம்!"

மந்திரி கை காட்ட, திரை விலகியது. காலில் சலங்கை கட்டிய வண்டிக்காளை ஒன்று ஈ விரட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் சூடாகச் சாணி.

ராஜா மாடத்திலிருந்து இறங்கி வந்தார். ஒருவரும் நிமிரவில்லை.

"இத்தனை நாளும் எனக்குக் கிடைத்த புகழ் இதுதானா மந்திரியாரே?"

"காளைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது அரசே. மனுஷன் வாய் பயத்துக்கு வளையும், சோற்றுக்கு வளையும். தாளம் வளையாது. ராஜா கால் என்று மத்தளம் விட்டுக்கொடுக்காது. அந்த நேர்மையைப் பழகிக்கொள்ளத்தான் மனுஷன் ஆடக் கற்கணும். அது தெரிந்தவள் இங்கே ஒருத்திதான். அவளைத்தான் துரத்துகிறோம்."

ராஜா தானே மத்தளத்தை எடுத்துக் காத்தாயியிடம் கொடுத்தார். பிறகு திரும்பி, "சபாரஞ்சிதரே, பூமி சிலிர்த்த அந்த அடியை உம் கையாலேயே அள்ளும்!" என்றார். பட்டு அங்கவஸ்திரம் சாணியில் புரள அவர் அள்ளினார். சபை அதற்கும் கைதட்டியது.

"எனக்கு ஆடக் கற்றுக்கொடுப்பாயா, அம்மா?" என்று கேட்டார் ராஜா.

"தாராளமா. முதல்ல இவங்களை வெளியே அனுப்புங்க ராஜா. இந்தக் கைதட்டல்ல தாளம் காதுல விழாது."

கதவைச் சாத்த ராஜாவே போனார்.